'போல' விடுபட்ட சான்றிதழ்: தத்தெடுக்கப்பட்டோரின் பிறப்புப் பதிவு குறித்து

இந்தியாவில் வழங்கப்படும் பிறப்புச் சான்றிதழின் முகப்பில் ஓர் உறுதிமொழி உண்டு. கீழ்க்காணும் விவரங்கள் இன்ன வட்டாரப் பதிவேட்டிலுள்ள பிறப்பின் மூலப்பதிவிலிருந்து எடுக்கப்பட்டவை என்று பதிவாளர் அதில் சான்றளிக்கிறார். அதன்கீழ் சில கட்டங்கள்: பெயர், பாலினம், பிறந்த நாள், பிறந்த இடம், தாயின் பெயர், தந்தையின் பெயர், குழந்தை பிறந்தபோது பெற்றோர் வசித்த முகவரி, நிலையான முகவரி, பதிவு எண், பதிவு நாள், குறிப்பு. பள்ளிச் சேர்க்கைக்கும் கடவுச்சீட்டுக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டு மீண்டும் பெட்டிக்குள் வைத்துவிடும் தாள் இது. அதைச் சொல் சொல்லாக வாசிக்கும் தேவை பெரும்பாலோருக்கு வருவதில்லை.

தத்தெடுக்கப்பட்டவருக்கு அந்தத் தேவை வருகிறது. அவருக்கும் இதே வகைச் சான்றிதழே கிடைக்கிறது. தாய், தந்தை என்ற கட்டங்களில் தத்தெடுத்தவர்களின் பெயர்கள் இருக்கும். அதில் குறையேதும் இல்லை; சட்டத்தின்படியும் வாழ்வின்படியும் அவர்களே அவருடைய பெற்றோர். சிக்கல் அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. 'குழந்தை பிறந்தபோது பெற்றோர் வசித்த முகவரி' என்ற கேள்விக்கு என்ன விடை எழுத முடியும்? அந்த நாளில் தத்தெடுத்த தம்பதி எங்கோ ஓர் ஊரில், இப்படியொரு குழந்தை பிறந்திருப்பதை அறியாமல் வாழ்ந்துகொண்டிருந்தனர். அவர்களுடைய முகவரியை எழுதினால் அது பிறப்போடு தொடர்பற்ற முகவரி. ஈன்றவளின் முகவரியை எழுதினால் மேலே உள்ள பெயர்களோடு அது பொருந்தாது. எதை எழுதினாலும், 'மூலப்பதிவிலிருந்து எடுக்கப்பட்டது' என்ற முகப்பு வாசகத்தின் எடையை அந்த விடை தாங்காது.

இந்த முரண் எழுத்தர் எவருடைய கவனக்குறைவினாலும் விளைந்ததன்று. ஒரே தாள் இரண்டு வேறு கேள்விகளுக்கு விடைசொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதால் விளைந்தது. இவருக்குச் சட்டப்படி பெற்றோர் யார் என்பது ஒரு கேள்வி. இவர் எப்போது, எங்கே, யாருக்குப் பிறந்தார் என்பது மற்றொரு கேள்வி. பெரும்பாலோருக்கு இரண்டுக்கும் விடை ஒன்றே என்பதால் படிவம் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. விடைகள் வேறுபடும் ஒருவரிடம் அது முதல் விடையை மட்டும் எழுதிவிட்டு, இரண்டாவதற்கும் அதுவே விடை என்பதாகக் காட்டுகிறது.

சட்டத்தின் சொல்லாட்சி இந்த இடத்தில் படிவத்தைவிடக் கவனமானது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 63ஆம் பிரிவு, தத்தெடுப்பு ஆணை பிறந்ததும் அக்குழந்தை தத்தெடுத்த பெற்றோருக்கே பிறந்தது போல எல்லா வகையிலும் அவர்களுடைய குழந்தையாகிறது என்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், தத்தெடுக்கப்பட்ட நாளிலிருந்து அவர்களுடைய குழந்தை எனக் கொள்ளப்படும் என்கிறது. 'போல', 'எனக் கொள்ளப்படும்' என்னும் இச்சொற்கள் அலங்காரத்துக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகக் கொண்டு உரிமைகளை வழங்குகிறோம் என்று சட்டம் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ளும் இடங்கள் அவை. தமிழ் இலக்கண மரபு 'போல' என்பதை உவமவுருபு என்று அழைக்கும். ஒப்புமை கூறப்படுகிறது என்பதை அது வெளிப்படையாக அறிவிக்கும். ஒப்பிடப்படும் இரண்டும் வேறுவேறு என்பதையும் சேர்த்தே சொல்லும். அந்த உருபை நீக்கி இரண்டையும் ஒன்றாக்கினால் உருவகமாகும். சான்றிதழ் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. உருவகம் என்ற அறிவிப்பும் இல்லாமல், பிறந்த நாளின் நிகழ்ச்சியாகவே அதை எழுதிவிடுகிறது. சட்டத்தில் இருந்த 'போல' பதிவேட்டுக்கு வந்து சேர்வதில்லை.

பிறந்த நாள் என்ற கட்டத்திலும் இத்தகைய இழப்பு உண்டு. தொட்டிலிலோ மருத்துவமனை வாசலிலோ ரயில் நிலையத்திலோ கண்டெடுக்கப்பட்ட குழந்தையின் பிறந்த நாள் யாருக்கும் தெரியாது. மருத்துவர்கள் உடல் வளர்ச்சியைக் கொண்டு வயதை மதிப்பிடுகிறார்கள். அதிலிருந்து ஒரு தேதி குறிக்கப்படுகிறது. தத்தெடுப்பு ஆணையில் அத்தேதி ஏறுகிறது. அங்கிருந்து சான்றிதழுக்கு வருகிறது. இந்தப் பயணத்தில் 'ஏறத்தாழ', 'மருத்துவ மதிப்பீட்டின்படி' என்ற சொற்கள் உதிர்ந்துவிடுகின்றன. ஒரு செய்தி நேரில் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா, ஊகித்ததா என்பதை வினைவடிவிலேயே குறித்தாக வேண்டிய மொழிகள் உலகில் பல உள்ளன. தமிழிலும் 'பிறந்தான்' என்பதற்கும் 'பிறந்தானாம்' என்பதற்கும் இடையிலுள்ள தூரம் சிறு குழந்தைக்கும் தெரியும். அரசின் படிவத்துக்கு மட்டும் அந்த 'ஆம்' கிடையாது. மருத்துவமனைப் பேரேட்டில் நிமிடக் கணக்கில் குறிக்கப்பட்ட பிறப்பும், பற்களை எண்ணி ஊகித்த பிறப்பும் அதில் ஒரே உறுதியோடு அச்சாகின்றன.

திருத்தப்பட்ட பிறப்புச் சான்றிதழ் என்னும் இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதை நினைவுகூர்வது பயனுடையது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 1917இல் தத்தெடுப்பு நீதிமன்ற ஆவணங்களைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து விலக்கியது. அக்கம்பக்கத்தாரும் வம்பு தேடுவோரும் பார்க்கக்கூடாது என்பதே அதன் நோக்கம்; சம்பந்தப்பட்டவர்களுக்குக் கதவு மூடப்படவில்லை. 1930களில் பல மாநிலங்கள் தத்தெடுத்தோரின் பெயருடன் புதிய சான்றிதழ் வழங்கத் தொடங்கின. மணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தைகளின் சான்றிதழில் அக்காலத்தில் பொறிக்கப்பட்ட இழிசொல்லிலிருந்து அவர்களைக் காப்பது அதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. அந்தக் கருணையை இன்று குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் பிறர் பார்வையைத் தடுக்க எழுப்பிய சுவர், அடுத்த சில பத்தாண்டுகளில் அந்தச் சான்றிதழுக்கு உரியவரையே தடுக்கும் சுவராகியது. மூலச் சான்றிதழ் முத்திரையிடப்பட்டது; வயதுவந்த பின்னும் நீதிமன்ற ஆணையின்றி அதைக் காண இயலாத நிலை பெரும்பாலான மாநிலங்களில் உருவாயிற்று. கன்சாஸும் அலாஸ்காவும் மட்டும் வயதுவந்தோருக்கு அக்கதவை ஒருபோதும் மூடவில்லை.

பின்னர் வந்த மாற்றம் இன்னும் கவனிக்கத்தக்கது. ஓரிகன் மாநில மக்கள் 1998இல் நேரடி வாக்கெடுப்பின் மூலம் வயதுவந்த தத்தெடுக்கப்பட்டோருக்கு மூலச் சான்றிதழ் பெறும் உரிமையை அளித்தனர். வழக்குகளைக் கடந்து 2000இல் அது நடைமுறைக்கு வந்தது. நியூயார்க் மாநிலம் 2020 ஜனவரியில் அதே வழியில் சென்றது. ஸ்காட்லாந்தில் தத்தெடுப்புச் சட்டம் இயற்றப்பட்ட 1930இலேயே இந்த உரிமை இருந்தது. இங்கிலாந்தும் வேல்ஸும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் 18 வயது நிரம்பியோருக்கு அதை வழங்கின. இவற்றில் எங்கும் தத்தெடுப்பு என்ற அமைப்பு குலைந்துவிடவில்லை. தத்தெடுத்தோரின் பெற்றோர் நிலையை எவரும் கேள்வி கேட்கவுமில்லை.

இந்தியாவில் நிலை வேறு. தத்தெடுப்புக்கு இங்கே இரண்டு சட்ட வழிகள் உள்ளன. சிறார் நீதிச் சட்டத்தின் வழி சிறப்புத் தத்தெடுப்பு நிறுவனம், குழந்தைகள் நலக் குழு, மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான 'காரா' ஆகியவற்றின் ஊடாகச் செல்கிறது. 2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். இந்து தத்தெடுப்புச் சட்டத்தின் வழியில், கொடுப்போரும் எடுப்போரும் நேரடியாகவே முடித்துக்கொள்ளலாம். பெரும்பாலும் ஒரு பதிவுப் பத்திரம் மட்டுமே சான்றாக நிற்கும்.

முதல் வழியில் வந்தோருக்கு 'வேர் தேடல்' என்னும் விதி உண்டு. 18 வயது நிரம்பியவர் தாமாகவும், நிரம்பாதவர் தத்தெடுத்த பெற்றோருடன் சேர்ந்தும் காராவிடம் விண்ணப்பிக்கலாம். ஒப்படைத்த பெற்றோர் தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று அப்போதே கேட்டிருந்தால், அவர்களின் எழுத்துமூல இசைவு தேவை. அவர்கள் மறுத்தாலோ கண்டறிய முடியாமற்போனாலோ, எந்தச் சூழலில் ஒப்படைத்தார்கள் என்பதை மட்டுமாவது விண்ணப்பித்தவருக்குச் சொல்ல வேண்டும். ஈன்றவளின் தனியுரிமையையும் பிள்ளையின் அறியும் உரிமையையும் ஒரே தட்டில் வைக்க முயலும் விதி இது; பாராட்டுக்குரியது. ஆயினும் அது நிறுவனக் கோப்புகளை நம்பி நிற்கிறது. கோப்பு சிதைந்தாலோ நிறுவனமே மூடப்பட்டாலோ அந்த உரிமைக்குப் பற்றிக்கொள்ள எதுவும் மிஞ்சாது. நூறாண்டு கடந்தும் நிலைக்க வேண்டியது என்ற எண்ணத்தோடு அரசு பேணும் ஆவணம் பிறப்புப் பதிவேடு ஒன்றே. வேர் தேடலும் பிறப்புப் பதிவேடும் இரண்டு தனி உலகங்களாக இருப்பதே இங்குள்ள அடிப்படைக் குறை. இரண்டாவது வழியில் தத்தெடுக்கப்பட்டோருக்கோ வேர் தேடல் விதியும் இல்லை. இந்து தத்தெடுப்புச் சட்டத்தின்கீழ் நிகழ்ந்தவற்றுக்குத் தன் தத்தெடுப்பு விதிகள் பொருந்தா என்று சிறார் நீதிச் சட்டமே சொல்கிறது.

அந்த இரண்டாவது வழியில் ஒரு வியப்பும் காத்திருக்கிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு தத்தெடுக்கப்பட்டவருக்கும் பிறந்த குடும்பத்துக்கும் உள்ள உறவுகள் அனைத்தும் அறுந்தன என்று கூறிவிட்டு, உடனே ஒரு விலக்கை வைக்கிறது: பிறந்த குடும்பத்திலேயே இருந்திருந்தால் யாரை மணக்க இயலாதோ, அவரை இப்போதும் மணக்கலாகாது. உறவுகளில் ஒன்று மட்டும் அறாது என்று சட்டம் தானே அறிவிக்கிறது. இந்தத் தடையைக் கடைப்பிடிக்க வேண்டியவர் யார்? தத்தெடுக்கப்பட்டவர். தடைக்கு உட்பட்ட உறவினர் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கையிலுள்ள பிறப்புச் சான்றிதழ் அதைச் சொல்லாது. உற்றார் உறவினருக்குள் நடந்த தத்தெடுப்பில் ஊர் வாய்மொழி அதைக் காப்பாற்றித் தரலாம். தொலைவூர்களுக்கிடையே நடந்ததில் அந்த வாய்மொழியும் இராது. அறிவைக் கொடுக்காமல் கடமையை மட்டும் சுமத்தும் சட்டம் தன் வேலையைப் பாதியில் விட்ட சட்டமே.

மருத்துவரின் கேள்வியும் இதே வகையைச் சேர்ந்தது. குடும்பத்தில் யாருக்கேனும் நீரிழிவு, மார்பகப் புற்றுநோய், தாலசீமியா உண்டா என்று கேட்கும்போது, 'இல்லை' என்பதும் 'தெரியாது' என்பதும் வேறுவேறு விடைகள். தத்தெடுக்கப்பட்டது தெரியாமலே வளர்ந்தவர், தம்மை வளர்த்தோரின் நோய் வரலாற்றைத் தம்முடையதாகச் சொல்லிவிட்டு வருவார். தவறான விடையைவிட வெற்றிடம் பாதுகாப்பானது. திருத்தப்பட்ட சான்றிதழோ வெற்றிடத்தை நிரப்பிக் கொடுக்கிறது.

எதிர்வாதங்கள் எளியவை அல்ல. முதலாவது, ஈன்றவளைப் பற்றியது. மணமாகாத தாயாக ஓர் இந்தியப் பெண் எதிர்கொள்ளும் வசையும் வன்முறையும் கற்பனை அல்ல. 1992இல் தமிழகத்தின் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் போன்றவை, பெயர் கேட்காமல் குழந்தையை ஏற்றுக்கொள்வதால்தான் இயங்குகின்றன. பெயர் கேட்கத் தொடங்கினால் தொட்டிலுக்கு வரும் குழந்தை குப்பைமேட்டுக்குப் போகக்கூடும் என்ற அச்சம் பொருளற்றதன்று. உண்மைதான். எனவே இல்லாத தகவலைத் தோண்டியெடுக்க வேண்டும் என்று யாரும் கோரவில்லை. இருக்கும் தகவலை அழியாமல் காப்பதும், இல்லாததை 'அறியப்படவில்லை' என்று நேர்மையாக எழுதுவதுமே கோரிக்கை. இரகசியமாக வைத்திருப்பதும் இல்லாமற்செய்வதும் ஒன்றல்ல. 2015இல் மணமாகாத தாய் ஒருவரின் காப்பாளர் உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைச் செயலில் காட்டியது. தந்தையின் பெயரைச் சொல்லுமாறு அவரைக் கட்டாயப்படுத்தலாகாது, தாயின் பெயரை மட்டும் கொண்டே சான்றிதழ் வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே வேளையில், மகனுக்கு அறியும் தேவை உண்டு என்பதைத் தாயிடம் எடுத்துரைத்தது. அவர் மனமுவந்து சொன்ன விவரங்களை உறையிலிட்டு முத்திரையிட்டு, நீதிமன்ற ஆணையின்றித் திறக்கலாகாது என்றது. தாயின் மானமும் மகனின் வரலாறும் அந்த உறைக்குள் ஒருசேர இடம்பெற்றன.

இரண்டாவது எதிர்வாதம் தத்தெடுத்த பெற்றோருடையது. பள்ளி எழுத்தர் முதல் காவல் நிலையம் வரை எல்லோரிடமும் காட்ட வேண்டிய தாளில் தத்தெடுப்பு என்ற சொல் இருந்தால், குழந்தை ஒவ்வொரு வாசலிலும் விசாரணைக்குள்ளாகும். இதுவும் முற்றிலும் சரி. ஆனால் இதற்கான தீர்வு பொய்யான முழுச் சான்றிதழாக இருக்க வேண்டியதில்லை. உண்மையான குறுஞ்சான்றிதழாக இருக்கலாம். பிரிட்டன் 1947இல் பெற்றோர் விவரமே இல்லாத குறுஞ்சான்றிதழை எல்லோருக்குமாக அறிமுகப்படுத்தியது. எல்லோரும் காட்டும் தாளில் கேட்கப்படாத கேள்வி எவரையும் தனிமைப்படுத்தாது.

மூன்றாவது வாதம் பண்பாட்டின் பெயரால் வருவது: இந்தியக் குடும்பம் இரட்டைப் பெற்றோரை ஏற்காது என்பது. மரபு அப்படிச் சொல்லவில்லை. பழைய இந்துச் சட்ட மரபில் 'துவியாமுஷ்யாயணன்' என்ற வகை இருந்தது; ஈன்ற தந்தைக்கும் எடுத்த தந்தைக்கும் ஒருங்கே மகனாகக் கொள்ளப்பட்டவன் அவன். பாரதத்தின் கர்ணனைக் கதை ராதேயன் என்றும் அழைக்கிறது, குந்தியின் மகன் என்றும் சொல்கிறது. அவனுடைய துயரம் இரண்டு தாயர் இருந்ததால் விளைந்ததன்று, ஒரு தாயைப் பற்றிய செய்தி காலங்கடந்து வந்ததால் விளைந்தது. தமிழில் 'பெற்றோர்' என்ற சொல்லே 'பெறு' என்னும் வினையடியிலிருந்து வருகிறது; ஈனுதலும் அடைதலும் அந்த ஒரே வினைக்குள் அடங்கும். ஈன்றோரைத் தனித்துச் சொல்ல வேண்டியபோது 'ஈன்றோர்' என்ற சொல் இருக்கவே இருக்கிறது. சொல்வளத்தில் குறையில்லை, படிவத்தில்தான் இடமில்லை.

இந்த விவாதத்துக்கு இப்போது ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு 2023இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசுப் பணி, ஆதார் ஆகியவற்றில் பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே சான்று. தேசிய அளவில் பிறப்புப் பதிவுகளின் தரவுத்தளம் ஒன்றையும் அத்திருத்தம் வகுக்கிறது. தத்தெடுக்கப்பட்ட, ஆதரவற்ற, கைவிடப்பட்ட குழந்தைகளின் பிறப்பைப் பதிவு செய்ய யார் தகவல் தர வேண்டும் என்பதையும் அது தெளிவாக்கியிருக்கிறது. அக்குழந்தைகள் பதிவின்றி விடப்படும் அவலத்தை இது குறைக்கும். ஆனால் ஒரு தாளின் அதிகாரம் இவ்வளவு கூடும்போது, அதில் சொல்லப்படாததும் தவறாகச் சொல்லப்பட்டதும் அதே அளவுக்கு எடை கூடுகின்றன.

தீர்வுக்கான கொள்கையை வெளியில் தேட வேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பதிவேட்டில் பிழை இருந்தால் எப்படித் திருத்துவது என்று கூறுகிறது: மூலப்பதிவில் எந்த மாற்றமும் செய்யாமல், ஓரத்தில் திருத்தத்தை எழுதி, கையொப்பமும் தேதியும் இட வேண்டும். சுவடிகளைப் பதிப்பித்த அறிஞர்கள் பாடபேதங்களை அடிக்குறிப்பில் காத்த அதே ஒழுக்கம் இது. பிழையான பதிவையே அழிக்கலாகாது என்று விதித்த சட்டம், பிழையே இல்லாத ஒரு பிறப்புப் பதிவைத் தத்தெடுப்பின் பெயரால் மறையவிடுவதற்கு நியாயம் இல்லை. தத்தெடுப்பு முந்தைய பதிவைத் திருத்தும் செயலன்று. அதற்குப் பின் நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சி. அதற்கு அதற்கேயுரிய தேதியும் ஆணை எண்ணும் உண்டு.

ஆகவே மூன்று மாற்றங்கள் போதும். அன்றாடப் பயன்பாட்டுக்கு, தத்தெடுக்கப்பட்டோர், படாதோர் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் ஒரே வகையான சுருக்கச் சான்றிதழ். பதிவேட்டில், பிறப்பின் மூலப்பதிவையும் தத்தெடுப்பு ஆணையையும் இணைக்கும் ஓரக்குறிப்பு. பிறருக்கு மூடியதாகவும், 18 வயது நிரம்பிய உரியவருக்கு, ஈன்றவள் கேட்டுக்கொண்ட மறைவுக்கு உட்பட்டு, திறந்ததாகவும் அது இருக்க வேண்டும். எந்தச் சட்டத்தின் வழியே தத்தெடுக்கப்பட்டிருந்தாலும் இது பொருந்த வேண்டும். மூன்றாவதாக, மதிப்பிட்ட தேதிக்கு 'மதிப்பீடு' என்றும் அறியாத பெயருக்கு 'அறியப்படவில்லை' என்றும் அந்த முழுப்பதிவில் எழுதும் வழக்கம். 1992இல் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 7, 8ஆம் உறுப்புகளும், 2003இல் ஏற்புறுதி செய்த ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையின் 30ஆம் உறுப்பும் இதைவிடக் குறைவாக எதையும் கேட்கவில்லை.

தத்தெடுத்த பெற்றோர் பலர் இன்று குழந்தையிடம் உண்மையைச் சிறுவயதிலேயே சொல்லிவிடுகிறார்கள். உறங்கும் முன் சொல்லும் கதைகளில் ஒன்றாகவே அதைச் சொல்லிப் பழக்கும் வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளை வளர்ந்து 18 வயதில் பதிவாளர் அலுவலகத்தின் சாளரத்தில் நின்று, 'என் பதிவில் என்ன எழுதியிருக்கிறது?' என்று கேட்கும் நாள் வரும். 'தெரியவில்லை' என்ற விடையைக்கூட அவரால் தாங்கிக்கொள்ள முடியும். வீட்டில் அவருக்கு அது ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கும். தாயும் தந்தையும் சொல்லத் துணிந்த உண்மையை அரசின் பதிவேடும் சொல்லத் துணிய வேண்டும் என்பதே அவர் கேட்பது.